புகை பாஸ், பிறேக்கை யார் பார்ப்பது?

போன வருடம் ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்து சித்தப்பாவின் மகன் வந்திருந்தான். விசுவமடுவில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய டீசல் கொரோலாவின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த வரிப்பத்திரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதுக்கு எம்.ஓ.ரி எப்ப முடியுது?" என்று கேட்டான். எம்.ஓ.ரி என்பது அவர்கள் ஊரில் பிறேக், ரயர் முதல் புகை வரை வருடா வருடம் பார்க்கிற வாகனச் சோதனை. அப்படி ஒன்று இங்கே இல்லையடா தம்பி, புகைச் சோதனைதான் இருக்கு, அது மூன்று கிழமைக்கு முதல்தான் செய்தது, பாஸ் என்றேன். "அப்ப பிறேக் பாத்தவங்களோ?" இல்லை. "ரயர்?" இல்லை. "ஸ்ரியறிங்?" அதுவும் இல்லை. அவன் வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஏறி இருந்தான், பரந்தன் சந்தி வரும்வரைக்கும் கதவுக்கு மேலே இருந்த கைபிடியை மட்டும் விடவே இல்லை.

அவனுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் நானே யோசித்தேன். வருடா வருடம் சோதித்து, சீட்டு எடுத்து, காசு கட்டி, கண்ணாடியில் ஒட்டி ஓடுகிறோம். பொலிஸ் மறித்தாலும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சீட்டு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? "எல்லாப் பேப்பரும் சரி, வாகனம் நல்ல கண்டிசன்" என்று ஒரே மூச்சில் சொல்லுவார்கள், வாகனம் விற்கிற ஆட்கள் இன்னும் அழுத்திச் சொல்லுவார்கள். பேப்பர் சரி என்பது ஒரு கதை, கண்டிசன் என்பது வேறு கதை.

முதலில் அந்த வரிப்பத்திரம். அலுவலகப் பெயர் வாகன வருமான அனுமதிப்பத்திரம். பெயரிலேயே இருக்கிறது, அது வருமானம், அதாவது அரசாங்கத்துக்கு வருகிற பணம். மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம்; பிறகு 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகள் வந்ததும் இந்த வரி மாகாணத்தின் கைக்குப் போனது. அதனால்தான் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இதற்குப் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம், வாகனத்தைப் பதிவதற்கும் பெயர் மாற்றுவதற்கும் மட்டும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைத் தேடுகிறோம். இரண்டும் ஒன்றென்று நினைத்து இங்கும் அங்கும் அலைந்த ஆட்கள் ஊரில் நிறைய.

அந்த வரியைக் கட்டுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: காப்புறுதி, புகைச் சான்றிதழ், பஸ், லொறி போன்ற வாகனங்களாக இருந்தால் கூடவே தகுதிச் சான்றிதழ், நம்மாட்கள் சொல்லுகிற 'பிற்னஸ்'. சொந்தப் பாவனைக்கான காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இந்த பிற்னஸ் இல்லை. அதாவது வன்னி வீதிகளில் அதிகமாக ஓடுகிற வாகனமான மோட்டார் சைக்கிளின் பிறேக்கை, ரயரை, லைற்றை வருடத்தில் ஒரு தடவையாவது கட்டாயமாகப் பார்க்கிற ஏற்பாடு எதுவும் கிடையாது. அதன் பின்பக்கக் குழாயில் ஒரு கம்பியைச் செருகிப் பார்ப்பதோடு சரி.

இது ஏன் இப்படி ஆனது என்றால், புகைச் சோதனை வீதிப் பாதுகாப்புக்காகப் பிறந்தது அல்ல. அது சுற்றாடல் சட்டத்தின் பிள்ளை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2003 இல் வாகனப் புகைக்கான அளவுகளை வர்த்தமானியில் போட்டார்கள், 2008 இல் மேல் மாகாணத்தில் சோதனையைத் தொடங்கினார்கள், பிறகு ஒவ்வொரு மாகாணமாக விரித்தார்கள். கொழும்பின் காற்று மோசமாகிக்கொண்டு போனதுதான் காரணம். சோதிக்கிற வேலையை லாஃப்ஸ் எக்கோ ஸ்ரீ, கிளீன்கோ லங்கா என்ற இரண்டு தனியார் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள். கொழும்பில் அந்தச் சோதனை தொடங்கிய அதே 2008 இல் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இங்கிருந்த ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மல்லாவியிலிருந்து, அக்கராயனிலிருந்து, கிளிநொச்சியிலிருந்து உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத்தகரம் முதல் கோழிக்கூடு வரை ஏற்றிக்கொண்டு சனம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அந்த வாகனங்களில் பெரும்பாலானவை திரும்பி வரவில்லை. 2009 க்குப் பிறகு புதுக்குடியிருப்பைத் தாண்டி முள்ளிவாய்க்கால் பக்கம் போனவர்கள் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்த வாகனங்களைப் பார்த்திருப்பார்கள். வாகனம் போன கையோடு அதன் பதிவுப் புத்தகமும் போன குடும்பங்கள் எத்தனையோ. அப்படியான இடத்துக்கு, எல்லாம் முடிந்து சனம் திரும்பிக் குடியேறி, கடன்பட்டு லீசிங்கில் ஒரு பைக் எடுத்து ஓடத் தொடங்கிய காலத்தில்தான் இந்தப் புகைச் சோதனை வந்து சேர்ந்தது. நமக்கு அது ஆரம்பத்திலிருந்தே 'வரி கட்ட வேண்டுமென்றால் எடுக்க வேண்டிய இன்னொரு துண்டு', அவ்வளவுதான்.

லண்டன் தம்பி சொன்ன எம்.ஓ.ரி வேறு சாதி. பிரித்தானியாவில் அது 1960 இல் தொடங்கியது. அப்போது பத்து வருடத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்குப் பிறேக், லைற், ஸ்ரியறிங் மூன்றையும்தான் பார்த்தார்கள். அடுத்த வருடமே பத்தை ஏழாக்கினார்கள், 1967 இல் மூன்றாக்கினார்கள். இன்றைக்கும் கார் வாங்கி மூன்று வருடம் முடிந்தால் ஒவ்வொரு வருடமும் சோதிக்க வேண்டும். ரயரின் கட்டை உயரம் 1.6 மில்லிமீற்றருக்குக் கீழே போயிருந்தால் பெயில். சீற் பெல்ற், வைப்பர், முன் கண்ணாடி வெடிப்பு, சஸ்பென்சன், அடித்தட்டின் துரு எல்லாம் பார்த்து, கடைசியில் புகையையும் பார்ப்பார்கள். நாம் வருடம் முழுக்கச் செய்கிற ஒரே சோதனை அவர்களுடைய சோதனையில் ஒரு வரி.

அவர்கள் ஊரில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. எந்த வாகனத்தின் எண்ணையும் அரசாங்க இணையத்தளத்தில் அடித்தால் அது எந்த வருடம் பாஸ், எந்த வருடம் எதனால் பெயில், அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்று யாரும் காசில்லாமல் பார்க்கலாம். பழைய கார் வாங்கப் போகிற ஆளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! இங்கே மீற்றரைத் திருப்பி வைத்த வாகனத்தை நாம் சாத்திரம் பார்த்து வாங்குகிறோம்.

சரி, நம்முடைய புகைச் சோதனைக்கு வருவோம். குறை சொன்னாலும் அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் காசும் அலைச்சலும் மிச்சம், அதோடு எஞ்சினைப் பற்றி அது சொல்லுகிற செய்தி உண்மையில் பெறுமதியானது.

பெற்றோல் வாகனம் என்றால் சைலன்சர் குழாய்க்குள் ஒரு குழலைச் செருகி இரண்டு வாயுக்களை அளப்பார்கள், காபன் மொனொக்சைட் ஒன்று, எரியாத ஹைட்ரோகாபன் மற்றது. முதலாவது கூடினால் எஞ்சினுக்குப் பெற்றோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது என்று அர்த்தம். இரண்டாவது கூடினால் போன பெற்றோல் எரியாமலே வெளியே வருகிறது, அல்லது தேய்ந்த ரிங்ஸ் வழியாக எஞ்சின் ஒயில் ஏறி எரிகிறது என்று பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் வைத்திருக்கிற எல்லை காருக்குரியதைவிடத் தளர்வானது. ஆகவே பைக் பெயிலானால் மெசினைத் திட்டுவதற்கு முன் பைக்கை ஒரு தரம் பாருங்கள்.

இங்கே வன்னிக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது: புழுதி. ஏ9, ஏ35, ஏ34 பெருவீதிகள் எல்லாம் காப்பெட் போட்டாயிற்று, ஆனால் அதிலிருந்து உள்ளே திரும்பினால் எத்தனையோ குடியேற்றங்களுக்கு இன்றும் கிரவல் பாதைதான். கோடையில் ஒரு டிப்பர் முன்னால் போனால் பின்னால் வருகிறவனுக்கு வீதியே தெரியாது, செம்மண் மாவாக எழும்பி நிற்கும். அந்த மாவையெல்லாம் உங்கள் பைக்கின் எயார் பில்ரர்தான் குடிக்கிறது. கழற்றி ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள், நிலத்தில் ஒரு சின்ன மண் கும்பி விழும். பில்ரர் அடைத்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் கலவையில் பெற்றோல் கூடும், மெசினில் காபன் மொனொக்சைட் ஏறும், பெயில். பெயிலானதும் ஆட்கள் கராஜுக்கு ஓடிக் காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, ஜெற் மாற்றி ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள். பல நேரம் தேவைப்பட்டது ஒரு புது பில்ரரும் ஒரு புது பிளக்கும் மட்டும்தான். கொழும்பில் வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுகிற பில்ரரை இங்கே கோடைக்கு ஒரு தரமாவது மாற்ற வேண்டும் என்பது என் கணக்கு, கடைக்காரன் சொல்லித் தந்த கணக்கு அல்ல, நானே இரண்டு தரம் பெயிலாகிப் படித்தது.

டீசலுக்குச் சோதனை வேறு மாதிரி. அங்கே வாயுவை அளப்பதில்லை, புகையின் கருமையை அளக்கிறார்கள். எஞ்சினை வெறுமனே ஓடவிட்டு, அக்சிலேற்றரை ஒரே மிதியில் அடிவரை மிதித்து, உச்சத்துக்குப் போனதும் விடுவார்கள், திரும்ப மிதிப்பார்கள், இப்படிப் பல தரம். ஒவ்வொரு தரமும் கக்குகிற புகைக்குள்ளால் ஒரு ஒளிக்கதிர் போகும், அதில் எவ்வளவு மறைக்கப்படுகிறது என்பதுதான் கணக்கு. கறுப்புப் புகை என்றால் டீசல் கூட, காற்றுக் குறைய, அல்லது நொசில் சரியாகத் தூவாமல் ஒழுக்குகிறது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று ஹெட் கஸ்கற் பக்கம் யோசிக்க வேண்டும்.

அந்த மிதியைப் பார்க்க வாகனக்காரருக்கு வயிறு கலங்கும். சொந்தக்காரன் தன் வாகனத்தை வாழ்க்கையில் ஒருநாளும் அப்படி உயர்த்தியிருக்க மாட்டான், இவன் யாரோ ஒரு பெடியன் வந்து ஏறி உறுமவிடுகிறான். பயத்தில் நியாயமும் இருக்கிறது: ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியதென்றே தெரியாத வாகனத்தை உச்சத்துக்கு மிதித்தால் பெல்ற் அறுகிற ஆபத்து உண்டு, அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் முட்டி எஞ்சினே போகலாம். ஆகவே டீசல் வாகனத்தைக் கொண்டுபோவதற்கு முன் பெல்றின் வயதையும் எஞ்சின் ஒயில் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் போய் அங்கே நின்று சண்டை பிடிப்பதில் பிரயோசனம் இல்லை.

இன்னொரு விசயம், எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எப்போதும் கூடப் புகைக்கும். புதுக் கார்களில் இருக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டர் நன்றாகச் சூடேறும்வரை வேலையே செய்யாது. யாழ்ப்பாண நகரத்துக்குள் இருக்கிற ஒருவர் நாலு சந்தி தள்ளியிருக்கிற நிலையத்துக்குக் குளிர்ந்த எஞ்சினோடு போய்ப் பெயிலாகி நிற்கலாம், முல்லைத்தீவிலிருந்து ஏ35 வழியே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓடிப் பரந்தனுக்கு வருகிற ஒருவருக்கு அந்தக் கவலை இல்லை. தூரத்தால் நமக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் போய்ச் சேர்ந்து வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் எஞ்சினை நிற்பாட்டி வைத்திருந்தால் அந்த நன்மையும் போய்விடும். உங்கள் முறைக்கு இன்னும் இரண்டு வாகனம் இருக்கும்போதே ஸ்ரார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

புகை என்றதும் அப்பா சொல்லுகிற கதை ஞாபகம் வருகிறது. 90 களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் வன்னிக்குள் வராது, வந்தாலும் வாங்குகிற விலையில் இருக்காது. மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் பொன்னைப்போலக் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள், அதில் சில சொட்டு விட்டு உதைத்து ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பின்னால் எழும்புகிற புகையைப் பார்த்தே யார் வருகிறார் என்று அரை மைலுக்கு அப்பால் தெரியும் என்று அப்பா சொல்லுவார். அந்தக் காலத்து எம்.டி 90 மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டுபோய் இன்றைய மெசினில் விட்டால் மெசின்தான் முதலில் மயங்கி விழும். ஆனால் அந்தப் பழக்கத்தில் இருந்து வந்த ஒரு மனப்பாங்கு இங்கே இன்னும் இருக்கிறது: ஓடினால் சரி. எதில் ஓடுகிறது, எப்படி நிற்கிறது என்பதெல்லாம் பிறகு. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் எடுக்கிற முறைக்கு மாறியபோதுதான், பதிவு இலக்கமும் சேசிஸ் இலக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று வந்ததால், எத்தனையோ பேர் தங்கள் வாகனப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்து வாசித்தார்கள்.

இனி, எங்கே போவது. வன்னி என்றால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று நாலு மாவட்டம் விரிந்து கிடக்கிற நிலம், சனம் ஐதாக, ஊருக்கு ஊர் காடும் வயலும். நிலையான சோதனை நிலையம் என்பது நகரத்தை ஒட்டித்தான் இருக்கும், ஏனென்றால் நாளுக்கு இத்தனை வாகனம் வந்தால்தான் அந்த மெசினுக்குக் கட்டும். கொக்கிளாயில் இருக்கிறவருக்கும் முழங்காவிலில் இருக்கிறவருக்கும் அது ஒரு நாள் வேலை. கூலிக்குப் போகிற ஆள் என்றால் அன்றைய கூலியும் போச்சு, போக வர பெற்றோலும் போச்சு, சோதனைக் கட்டணம் அதற்குப் பிறகுதான். பெயிலானால் திரும்ப இன்னொரு நாள்.

இதற்காகத்தான் நடமாடும் சோதனை வாகனங்கள் இருக்கின்றன, குறித்த நாளில் ஒரு இடத்துக்கு வந்து நின்று சோதிப்பார்கள். இதைத் தெரிந்துகொள்வதுதான் பெரிய பாடு. கம்பனிகளின் இணையத்தளத்தில் நிலையங்களின் விபரமும் தொலைபேசி இலக்கமும் இருக்கும், ஆனால் என் அனுபவத்தில் அதைவிடச் சரியான தகவல் வருகிற இடங்கள் இரண்டு. ஒன்று, பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரம் கொடுக்கிற கருமபீடம். புகைச் சான்றிதழ் இல்லாமல் அங்கே வேலை நடக்காது என்பதால் எந்த நாளில் எங்கே சோதிக்கிறார்கள் என்று அவர்களிடம் தினமும் பத்துப் பேர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மற்றது உங்கள் ஊர்ச் சந்தியில் இருக்கிற பைக் கராஜ். போன கிழமை யார் எங்கே போய் எத்தனை மணித்தியாலம் நின்றார் என்பதுவரை அங்கே செய்தி இருக்கும். கிளம்புவதற்கு முன் நிலையத்துக்கு ஒரு கோல் எடுத்து மெசின் வேலை செய்கிறதா, கரன்ட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நான் ஒரு தரம் கேட்காமல் போய், கேற்றில் தொங்கிய 'இன்று சோதனை இல்லை' என்ற மட்டையை மட்டும் வாசித்துவிட்டு வந்தவன்.

வரி முடிகிற நாள்வரை காத்திருப்பதும் நம்முடைய ஒரு வியாதி. முடிவதற்கு இரண்டு மூன்று கிழமை இருக்கும்போதே போனால், பெயிலானாலும் திருத்தித் திரும்பப் போக நாள் இருக்கும். கடைசி நாளில் போய்ப் பெயிலானால் வரியில்லாத வாகனத்தில் பரந்தன் சந்தியைத் தாண்டி வீட்டுக்கு வருவதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும். இப்போது வரியை இணையத்திலேயே கட்டலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள், நல்ல விசயம். ஆனால் புகையை இணையத்தில் அனுப்ப முடியாதே, வாகனம் போகத்தான் வேண்டும்.

பிற்னஸ் பற்றியும் ஒரு சொல். பஸ்ஸுக்கும் லொறிக்கும் அந்தச் சான்றிதழைக் கொடுப்பது திணைக்களம் அங்கீகரித்த கராஜுகள். காகிதத்தில் பார்த்தால் பிறேக், ஸ்ரியறிங், லைற், ரயர், பொடி எல்லாம் பார்த்துத்தான் கையெழுத்து விழ வேண்டும். ஒழுங்காகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வாகனம் போகாமல் பேப்பர் மட்டும் போய்க் கையெழுத்தோடு திரும்பி வந்ததையும் நான் பக்கத்தில் நின்று கண்டிருக்கிறேன், எங்கே என்று சொல்லப்போவதில்லை. புகைச் சோதனையில் அந்த விளையாட்டுக்கு இடம் குறைவு, வாகனத்தைப் படம் எடுக்கிறார்கள், மெசினே கணக்குப் போடுகிறது. ஆனாலும் நம்மவர் விடுவார்களா? சோதனைக்கு முதல் நாள் டீசல் பம்பின் அளவை இறக்கி வைத்து, பாஸான பின்னேரமே திரும்ப ஏற்றிவிடுவார்கள். வருடத்தில் ஒரு நாள் சுத்தமான வாகனம், மிச்சம் 364 நாளும் பின்னால் வருகிறவனுக்குக் கறுப்புத் தீர்த்தம்.

வீதியில் பார்த்தால், வன்னியில் நம்மை அடிப்பது புகையைவிட இருட்டு. மாட்டுப் பட்டிகள் இரவில் சூட்டுக்காகத் தார் வீதியில் வந்து படுத்துவிடும். ஏ35 இல் இரவில் ஓடியவர்களுக்குத் தெரியும், வளைவு திரும்பினால் கண்கள் மட்டும் மினுங்கும், அதுவும் உங்கள் ஹெட் லைற் சரியாக இருந்தால். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி பின் லைற்றும் இல்லாமல் சிவப்பு ஸ்ரிக்கரும் இல்லாமல் இருட்டோடு இருட்டாகப் போகும், பின்னால் பைக்கில் வருகிற பெடியனுக்கு அது இருபது அடிக்குள் வந்த பிறகுதான் தெரியும். ஐம்பது ரூபா, நூறு ரூபா ஸ்ரிக்கரால் தீர்க்கக்கூடிய விசயத்துக்கு நாம் எத்தனை செத்தவீட்டுக்குப் போய்விட்டோம். மாரியில் குளத்து மதகு வழிந்து பாதையைக் குறுக்கறுக்கும்போது பைக்கின் டிரம் பிறேக்குக்குள் தண்ணீர் போய்விடும், அடுத்த ஒரு சில நூறு மீற்றருக்குப் பிறேக் என்று ஒன்று இல்லை. மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓடி அதைக் காயவைக்க வேண்டும் என்றுகூடப் பலருக்குத் தெரியாது. விபத்து நடந்தால் மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பிறேக் வேலை செய்ததா, ரயர் எப்படி இருந்தது என்று பார்த்து எழுதுவார். நம்முடைய காரின் பிறேக்கை அரசாங்கம் பார்க்கிறது, ஆனால் அடிபட்ட பிறகு.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனத்தின் விலை வாங்கிய விலையைத் தாண்டி ஏறியது, கழிக்க வேண்டிய வாகனமெல்லாம் பொடி பார்த்து பெயின்ற் அடித்துத் திரும்ப வீதிக்கு வந்தது. இப்போதும் புதுசு வாங்குகிற விலையில் நம்மவர் பெரும்பாலும் இல்லை. ஆகவே வன்னியில் ஓடுகிற வாகனங்களின் வயது ஏறிக்கொண்டே போகிறது, அவற்றைப் பார்க்கிற சோதனை மட்டும் அதே குழாயடியில் நிற்கிறது.

அரசாங்கம் எம்.ஓ.ரி மாதிரி ஒன்றைக் கொண்டுவரும்வரை காத்திருக்க நான் தயாரில்லை, வந்தால் அதற்கும் ஒரு வரிசையும் ஒரு கையெழுத்து வியாபாரமும் கூடவே வரும் என்ற பயமும் இருக்கிறது. எனக்குப் பட்டது இதுதான்: எப்படியும் வருடத்தில் ஒரு நாள் புகைக்காக வாகனத்தை மினக்கெடுத்துகிறோம், அதற்கு முதல் நாளே கராஜில் விட்டு நாலு சில்லையும் கழற்றிப் பார்க்கச் சொன்னால் என்ன? ரயரின் கட்டைகளுக்கு நடுவே சின்னச் சின்ன மேடாக ஒரு அடையாளம் இருக்கும், கட்டை தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமாக வந்துவிட்டால் ரயர் முடிந்தது. முன் சில்லை ஜாக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் பெயாரிங்கும் போல் ஜொயின்றும் பேசும். பிறேக் ஒயில் போத்தலில் மட்டம் இறங்கியிருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாமல் ஏன் இறங்கியது என்று கேட்க வேண்டும். பின்னால் ஒருவரை நிறுத்திப் பிறேக்கை மிதித்து லைற் எரிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதுவே சந்தோசமாக வந்து நிற்கும்.

இதையெல்லாம் நான் முதலே தெரிந்து செய்தவன் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்குப் பரந்தனில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது லண்டன் தம்பிதான் விடாமல் ஒரு கராஜில் நிற்பாட்ட வைத்தான். "சும்மா பின் டிரம்மைக் கழட்டிக் காட்டுங்கோ அண்ணை, காசு நான் தாறன்" என்றான். மெக்கானிக் அண்ணைக்குச் சிரிப்பு, வெளிநாட்டுக்காரனின் விளையாட்டு என்று நினைத்திருப்பார். சில்லைக் கழற்றி, டிரம்மில் இரண்டு தட்டுத் தட்டி இழுத்ததும் சிரிப்பு நின்றது. உள்ளே வீல் சிலிண்டர் ஒழுகி, பிறேக் சூவெல்லாம் ஒயிலில் ஊறிக் கறுத்த சேறாகக் கிடந்தது. ஒரு சூவில் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது, டிரம்முக்குள் நகத்தால் பிறாண்டியதுபோல வட்டமாகக் கோடுகள். நான் முன் கண்ணாடியைப் பார்த்தேன், வரிப்பத்திரம் இன்னும் பதினொரு மாதத்துக்கு இருந்தது. தம்பி போனை எடுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் அண்ணை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மற்றப் பக்கத்துச் சில்லடியில் போய்க் குந்தினார்.

"இதையும் கழட்டட்டோ?"